சொந்தமாகக் கட்டிய வீட்டில் விறகடுப்போடு முதல் ஆண்டு

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "இரண்டு ஆண்டு எங்கள் கையாலேயே கட்டிய சிறு வீட்டுக்கு இலையுதிர் காலக் கடைசியில் குடிபோகிறோம். வீட்டைச் சூடாக்க ஓர் இரும்பு விறகடுப்பு மட்டுமே. உள்பூச்சு முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இந்த வசந்தத்தில் வெட்டிப் பிளந்த விறகு இருக்கிறது. ராத்திரி தீ அணையாமலிருக்கக் காற்றை அடைத்து மெல்லப் புகையவிடச் சொல்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிடுவோமா? சுவருக்கு இப்போதே பெயின்ட் அடிக்கலாமா?" இத்தனை கேள்விக்கும் அடியில் வேறொன்று இருப்பதாகப் படுகிறது. ஜன்னலில் நீர் வழியும்போதும், நடுராத்திரி உத்தரம் 'டொக்' என்று வெடிக்கும்போதும், பூச்சில் விரிசல் ஓடும்போதும், 'தப்பாகக் கட்டிவிட்டோமோ' என்ற பயம் வரும். அது வருவதற்கு முன்பே எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

அடுப்பு கட்டுவதும் புகைபோக்கி சுத்தம் செய்வதும் இருபது ஆண்டுக்கும் மேலாக என் தொழில். நான் கட்டிய வீட்டிலேயே விறகை நம்பிப் பதினான்கு குளிர்காலம் கழித்திருக்கிறேன். தீ, புகை, விறகு, சுவர் காய்வது பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். கட்டடத்தின் சுமைக் கணக்கு என் வேலை இல்லை. உங்கள் புகைபோக்கியை நேரில் பார்க்காமல் 'சரியாக இருக்கிறது' என்று சொல்லவும் மாட்டேன். முதல் தீ மூட்டுவதற்கு முன் உரிமம் பெற்ற ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். இந்தப் பதிலில் வேறெதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

முதல் ஆண்டில் உங்கள் வீட்டில் நடக்கப்போகும் பெரிய காரியம் ஒன்றே ஒன்று: காய்வது. சுவர் காய்கிறது, மரம் காய்கிறது, விறகு காய்கிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் கலக்க 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோம். அதில் ஒரு பங்கு சிமென்ட்டோடு சேர்ந்து கல்லாகிவிடும். மீதி வெளியே வந்தே தீரவேண்டும். நூறு சதுர மீட்டர் சுவருக்கு இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் பூசினால் கலவையே இரண்டு கன மீட்டர். அதற்குள் போன தண்ணீர் 500 லிட்டருக்குக் குறையாது. ஆறு வாரத்தில் மேல்பரப்பு வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். போதாததற்கு நாமும் ஈரம் சேர்க்கிறோம். ஒரு நடுத்தரக் குடும்பம் மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாமாக நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு நீராவியை வீட்டுக்குள் விடும். ஆகவே முதல் குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் கோத்து வழிந்தால் அதைக் கட்டுமானக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் குளிர்காலத்திலும் அப்படியே வழிந்தால் காரணம் தேடலாம்.

இதற்கு மருந்து ஜன்னலைத் திறப்பது. குளிர் நாளில் ஜன்னல் திறக்கச் சொன்னால் புதிதாகக் குடிவந்த எவரும் முகம் சுளிப்பார்கள். கணக்கைப் பாருங்கள். சுழியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று எவ்வளவு நிறைந்தாலும் சுமார் 4.8 கிராம் நீராவிதான் சுமக்கும். அதே அளவு காற்று 20 டிகிரியில் 17 கிராமுக்கும் மேல் சுமக்கும். வெளியே மழைத்தூறல் இருந்தாலும், அந்தக் குளிர்காற்றை உள்ளே விட்டுச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று சுமக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு) 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். அப்போது அது ஈரத்தைக் குடிக்கக் காத்திருக்கும் காற்று. காலையிலும் மாலையிலும் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து மூடுங்கள். சுவரின் சூடு போகாது, காற்று மட்டும் மாறும். நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைப்பதால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கி, அடுப்புக்குத் தொலைவில், வெளிச்சுவர் மூலையில் வையுங்கள். 40 முதல் 60 வரை நிம்மதி. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். அலமாரி, கட்டில் எதையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். கை நுழையும் இடைவெளி விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று முதல் வாரத்திலேயே அடுப்பைக் கொளுத்தித் தள்ளவும் கூடாது. மேல்தோல் மட்டும் வேகமாகக் காய்ந்து பூச்சு வெடிக்கும்.

மரம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இழை ஓடும் நீளவாக்கில் மரம் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை வளைவதும் உத்தரத்தில் நீளவாக்கில் வெடிப்பு ஓடுவதும் அதனால்தான். ராத்திரிச் சத்தம் பெரும்பாலும் இதுவே. அறையின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரம் ஒன்பது விழுக்காடு ஈரத்தில் நிலைகொள்ளும். 30 ஆனால் ஆறுக்கு இறங்கும். எனவே அடுப்பு எரியும் மாதங்களில் தரைப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும், ஈரக்காலத்தில் மூடிக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்த இடைவெளியைக் கெட்டியான பூச்சால் அடைத்தால் கோடையில் பலகை நெம்பிக்கொண்டு எழும். கதவு இறுகினாலும் ஓர் ஆண்டுச் சுற்று முடியும்வரை இழைக்காதீர்கள்.

வட்ட மரத்தடிகளை அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அப்படிப்பட்ட சுவர் காயும்போது உயரத்தில் மீட்டருக்கு ஒன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை கீழே அமரும். புகைபோக்கி தன் சொந்த அடித்தளத்தில் நிற்பதால் அது அமராது. அதாவது, கூரை புகைபோக்கியைச் சுற்றிக் கீழே வழுக்கி இறங்க இடம் வேண்டும். ஒரு வீட்டில் கூரைச் சட்டம் இறங்கி இறங்கிப் புகைபோக்கியின் வெளிக்குழாய்மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கட்டும்போது ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள், மூன்றாம் ஆண்டில் அது காணாமல் போயிருந்தது. மரம் கருக ஆரம்பித்திருந்தது. நான் அன்று அங்கே போனது வேறு வேலைக்கு. வருடத்துக்கு ஒருமுறையாவது விளக்கு எடுத்துக்கொண்டு பரணில் ஏறி அந்த இடத்தைப் பாருங்கள்.

பூச்சு விரிசலுக்கு ஒரு எளிய வழி: விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். முடியளவு விரிசல் நீளாமல் அப்படியே இருந்தால் அது உலர்வு. மாதாமாதம் நீண்டு அகன்றாலோ, படிக்கட்டுப்போல ஏறிப்போனாலோ, ஒரு பக்கம் மேடு தட்டினாலோ, அடித்தளம் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

இனி விறகு. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அதுதான். பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர். எரிக்க வேண்டுமென்றால் அது 20 விழுக்காட்டுக்குக் கீழே வரவேண்டும். பச்சையாக எரித்தால் கிலோவுக்கு 2.3 கிலோவாட் மணி அளவு வெப்பம் கிடைக்கும். காய்ந்ததில் ஏறக்குறைய 4. பச்சையில் அந்தக் குறைந்த வெப்பமும் முழுதாகக் கைக்கு வராது என்பதுதான் பெரிய நஷ்டம். மரம் சூடேறியதும் முதலில் வாயுவாகப் பிரிகிறது. மரத்தின் வெப்பத்தில் பாதிக்கும் மேல் அந்த வாயுவில் இருக்கிறது. அது எரிய 600 டிகிரி அளவு வேண்டும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும் அடுப்பு அந்தச் சூட்டை எட்டாது. வாயு எரியாமல் புகையாக மேலே போய், குளிர்ந்த குழாயில் தாராக ஒட்டும். அதைத்தான் கிரியோசோட் என்கிறோம். நாம் காசு கொடுத்து வாங்கிய வெப்பம் குழாய்ச் சுவரில் கறுப்பாகப் படிந்து, ஒருநாள் தீப்பிடிக்கக் காத்திருக்கிறது.

இந்த வசந்தத்தில் வெட்டியது இப்போது காய்ந்திருக்குமா? மரத்தைப் பொறுத்தது. பைன் போன்ற மென்மரத்தைக் கோடைக்கு முன்பே மெல்லிசாகப் பிளந்து, தரை படாமல், காற்றும் வெயிலும் படும்படி அடுக்கியிருந்தால் காய்ந்திருக்க நல்ல வாய்ப்பு. ஓக் போன்ற கனமரம் என்றால் இரண்டு கோடை வேண்டும். ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஈரப்பதமானியை விறகின் வெளித்தோலிலோ முனையிலோ குத்தினால் அது உங்களை ஏமாற்றும். நடுவாந்தரமான கட்டை ஒன்றை எடுத்து, அங்கேயே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், இழையோட்டத்தின் நீளவாக்கில் குத்துங்கள். ஒரு நுணுக்கம்: அந்தக் கருவிகள் பொதுவாக நீரை மரத்தின் காய்ந்த எடையோடு ஒப்பிட்டுக் காட்டும், விறகுக்குச் சொல்லும் 20 விழுக்காடு மொத்த எடையில் நீரின் பங்கு. கருவியில் 25 என்பதும் விறகுக் கணக்கில் 20 என்பதும் ஒன்றே. கருவி இல்லையென்றால், ஒரு கட்டையில் குறிபோட்டு வாராவாரம் எடை பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் இன்னும் காய்கிறது.

அளவு போதுமா என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. வீட்டுக்கு ஒரு குளிர்காலத்தில் 12,000 கிலோவாட் மணி வெப்பம் தேவை, அடுப்பு 70 விழுக்காடு திறனில் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த விறகு நாலேகால் டன் ஆகும். கனமரமாக இருந்தால் அடுக்கிய நிலையில் ஒன்பது பத்துக் கன மீட்டர். உங்கள் வீட்டின் தேவை இதில் பாதியாகவும் இருக்கலாம், இரட்டிப்பாகவும் இருக்கலாம். சுவரும் கூரையும் சூட்டை வெளியே விடாமல் தடுக்கும் காப்பு எவ்வளவு, குளிர் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. முதல் ஆண்டில் சுவரின் ஈரத்தை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகும் என்பதால் கொஞ்சம் கூடவே வையுங்கள். அளந்த விறகு ஈரமாக இருந்தால் அதை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஆண்டுக்கு உலர்ந்த விறகோ அழுத்திய மரத்தூள் கட்டியோ வாங்குங்கள். செலவுதான், ஆனாலும் வாங்குங்கள். கட்டட வேலையில் மிஞ்சிய மரத்துண்டுகள் நல்ல எரிபொருள். ஆனால் பெயின்ட் அடித்தது, பூச்சி மருந்து ஏற்றியது, ஒட்டுப்பலகை எதுவும் அடுப்புக்குள் போகக்கூடாது. பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் உண்டு. சாம்பலிலும் அது போகாது.

விறகு பற்றி எல்லோரும் அடித்துச் சொல்லும் சிலவற்றை நான் அடித்துச் சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் வெட்டிய மரம் ஈரம் குறைவானது என்பார்கள். என் அளவீடுகளில் பெரிய வித்தியாசம் கண்டதில்லை, வெட்டியபின் எப்படி அடுக்கினோம் என்பதே முடிவு செய்கிறது. பட்டை மேலே இருக்கவேண்டுமா கீழேயா என்ற சண்டையும் அப்படித்தான். மேலே ஒரு மூடி, பக்கங்கள் திறப்பு, இதில் மட்டும் சந்தேகமே இல்லை. பிளாஸ்டிக் விரிப்பால் நாலாபக்கமும் போர்த்திய விறகு காயாது, அவிந்து பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் சுவரும் காயாது, கரையானுக்கும் பாலம் போட்டுக் கொடுத்ததாகும்.

ராத்திரி காற்றை அடைத்துப் புகையவிடுவது பற்றி: வேண்டாம். முன்னே சொன்ன எல்லாக் கெடுதலும் அந்த எட்டு மணி நேரத்தில் ஒன்றாக நடக்கும். குழாயின் உட்புறம் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தார் படியத் தொடங்கும். காற்று கிடைக்காத தீ கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் அதிகம் கக்கும். படிந்த தார் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் 1000 டிகிரியைத் தாண்டும். ரயில் ஓடுவதுபோல் ஒரு இரைச்சல் கேட்கும் என்று அனுபவித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். அப்படி நேர்ந்தால் அடுப்பின் கதவையும் காற்றுவழியையும் மூடிவிட்டு, எல்லோரும் வெளியேறி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். படுக்கப் போகுமுன் நல்ல சூட்டில் கொழுந்துவிட்டு எரியவிட்டு, தணலாக அடங்கவிடுங்கள். காப்பு நன்றாகச் செய்த வீடு விடியும்வரை சில டிகிரிதான் இறங்கும். அதற்கும் மேல் விழுந்தால் கூரையிலும் கதவிடுக்கிலும் காற்று ஒழுகும் இடத்தைத் தேடுவதே சரியான வேலை. காலையில் பெரிய கட்டை அடியில், அதன்மேல் சிறியது, உச்சியில் சுள்ளி என்று அடுக்கி மேலிருந்து கொளுத்துங்கள். எழும் வாயு தீயைத் தாண்டித்தான் போகவேண்டியிருப்பதால் புகை குறையும்.

குழந்தை இருக்கும் வீட்டுக்கு மூன்று காரியம் பேரம் பேசக்கூடாதவை. சுவரில் கெட்டியாகப் பொருத்திய கம்பித் தடுப்பு அடுப்பைச் சுற்றி இருக்கவேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அடுப்பு அறையிலும் படுக்கும் இடத்திலும் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் தெளிவு என்றால் அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி உட்காராமல் உடனே வெளியேறி உதவி கேளுங்கள். மூன்றாவது சாம்பல். நீறுபூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை. குளிர்ந்துவிட்டதாகத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் இல்லாமல் கல்மேலோ மண்மேலோ வையுங்கள். அட்டைப்பெட்டியில் வைத்த சாம்பலால் எரிந்த வீட்டின் புகைபோக்கி மட்டும் பத்திரமாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இழுப்பு, அதாவது புகையைப் புகைபோக்கி மேலே இழுப்பது, சரியில்லாமல் அறைக்குள் புகை வந்தால் அடுப்பைத் திட்டுமுன் சமையலறை விசிறியை நிறுத்திப் பாருங்கள். இடுக்கில்லாமல் கட்டிய வீட்டில் அந்த விசிறி, வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகப் புகைபோக்கி வழியாகவே காற்றைக் கீழே இழுக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்ததும் புகை நின்றால் காரணம் தெரிந்துவிட்டது; அடுப்புக்கு வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் வேண்டும். நின்றபாடில்லை என்றால் உயரம் பாருங்கள். பரவலாகப் பின்பற்றும் கணக்கு: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர், மூன்று மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 60 சென்டிமீட்டர் உயரம்.

வசந்தத்தில் கடைசித் தீ அணைந்ததும் புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடுங்கள், அடுத்த பருவம் வரட்டும் என்று விடாதீர்கள். கோடை ஈரத்தில் கரி அமிலமாகி இரும்பை அரிக்கும், வாடையும் வரும். முதல் ஆண்டில் மட்டும் குளிர்காலத்தின் நடுவிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் படிவு இருந்தால் தூரிகை போடவேண்டும். அடுப்புக் கதவின் கயிற்று அடைப்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் கயிற்றை மாற்றவேண்டும். அதே வாரத்தில் அடுத்த குளிர்காலத்துக்கும், முடிந்தால் அதற்கடுத்ததற்கும் விறகு பிளந்து அடுக்கிவிடுங்கள். கோடையில் வேறு பெரிய வேலை இல்லை. ராத்திரி ஜன்னல் திறந்து பகலில் மூடினால் போதும். இலையுதிர் காலம் திரும்பும்போது, வெளியே குளிர் குறைவாக இருக்கும் நாள்களில் இழுப்பு மந்தமாக இருக்கும். அந்த நாள்களில் அடுப்பை நிரப்பி அடக்கி எரிக்காமல், சிறு தீயாக, சூடாக எரித்து விட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பெயின்ட். இப்போது அடிக்காதீர்கள். காற்றுப்புகாத பெயின்டை ஈரச் சுவரில் பூசினால் கொப்புளித்து உரிந்துவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறவும் வழியிருக்காது. வெறும் பூச்சாக ஒரு குளிர்காலம் இருக்கட்டும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் நீர்த்த சுண்ணாம்பு அடியுங்கள், அது சுவரை மூச்சுவிட விடும். அடுத்த கோடையில், சுவரில் கையளவு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துக்கட்டாமல் இருந்தால் தூரிகையை எடுக்கலாம்.